படத்திறப்பில் மூன்று நிமிடம்

மைக்கை என்னிடம் தருமுன்
யாரோ தட்டிப் பார்த்தார்கள்.
கோத்தகிரி சமுதாயக் கூடம் முழுக்க
ஈரக் கம்பளி வாசனை.
சுவரோரம் குடைகள் ஒழுகுகின்றன.

நான் மருதை.
கா. ஹாலராஜிடம் நான்கு முறை தோற்றவன்.
இந்தக் கூடத்தில் வேறு யாருக்கும்
அந்தத் தகுதி இல்லை.
'அவர்' என்று பேசச் சொன்னார்கள்.
நாற்பது வருஷமாக எனக்கு அவன்.

முதல் தேர்தலில் முப்பத்தொரு வயது அவனுக்கு.
மேல்நெடுஹட்டியில் கேரட் போட்டிருந்த நிலத்தை அடகுவைத்து
வாடகை ஜீப்பில் ஏறி நின்றான்.
எனக்குச் சீப்புச் சின்னம். அப்போதே எனக்கு வழுக்கை.
"அண்ணனுக்கு அந்தச் சீப்பே எதுக்குங்க,
அதுக்கு ஓட்டு வேற எதுக்கு?"
கட்டபெட்டுச் சந்தியில் அவன் கேட்டதும்
கூட்டத்தோடு நானும் சிரித்துவிட்டேன்.
டெபாசிட் போனது அங்கேதான்.

கோட்டைக்குப் போனான், இரண்டு தடவை.
அப்புறம் டெல்லி.
அங்கிருந்து ஒரு கார்டு வந்தது:
'இங்கே இதைக் குளிர் என்கிறார்கள்.
ஒரே ராத்திரி உறைபனியில் கருகிப்போன தோட்டத்தை
இவர்கள் பார்த்ததில்லை.'

பசுந்தேயிலை விலை பற்றிப்
பதினேழு கேள்வி கேட்டான்.
பதினேழுக்கும் 'பரிசீலனையில் உள்ளது.'
பதினெட்டாவதை எழுதி வைத்திருந்த வாரம்
அவனைத் துணை அமைச்சராக்கினார்கள்.
கப்பல் துறை.
கடலை அதற்கு முன் ஒரே தடவை பார்த்திருக்கிறான்,
மெரினாவில், செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு.

கப்பலில் வந்தவன் நான்.
தலைமன்னாரில் ஏற்றி இராமேசுவரத்தில் இறக்கி
மண்டபம் முகாமில் எண் போட்ட அட்டை கொடுத்தார்கள்,
என் அம்மாவுக்கு ஒன்று, எங்கள் தகரப் பெட்டிக்கு ஒன்று.
சொன்னேன் அவனிடம்.
"அப்ப நீதான்யா மந்திரி" என்றான்.

எங்கள் லயத்துக்கு மின்சாரம் கொடுத்தான்.
மரக் காண்டிராக்ட்காரனுக்குச் சோலையைக் கொடுத்தான்.
இரண்டும் ஒரே வாரம். ஒரே பேனா.
விளக்கைப் போடும்போதெல்லாம்
எனக்கு இரண்டும் தெரியும்.

கடைசியில் கட்சி அவனுக்குச் சீட்டுத் தரவில்லை.
ஒரு மழை ராத்திரி வந்தான்,
ஜீப் இல்லாமல், கடைசி பஸ்ஸில்.
வாசலில் செருப்பைக் கழற்றி
ஒழுகாத இடம் தேடி வைத்தான்.
ஜவுளிக்கடைப் பையிலிருந்து ஒரு நோட்டு எடுத்தான்.
சொல்லிவிட்டுச் செய்யாதது எல்லாம்,
ஊர் ஊராக, தேதி போட்டு, பென்சிலில்.
பக்கம் பக்கமாகத் தண்ணீர்த் தொட்டிகள்.
சொந்த ஹட்டியில் சுடுகாட்டுப் பாதை.
குஞ்சப்பனை, பாலம், இரண்டு தடவை.
"இதைச் சொல்லி ஓட்டுக் கேளு.
என் ஆளுங்க ஜெயிக்கக் கூடாது."

கோபமா, மனசாட்சியா, நான் கேட்கவில்லை.
பிளேன்டீ குடித்தான்.
இன்னும் கொஞ்சம் சீனி கேட்டான்.

வாசித்தேன், ஊர் ஊராக.
குஞ்சப்பனையில் தேன் விற்கிறவர் ஒருவர்
கூடையை இறக்கி வைத்துவிட்டுச் சொன்னார்:
"பாலம் கட்டலேன்னாலும்
ரெண்டு தடவை வந்து சொல்லிட்டுப் போனார் அவர்.
நீ இப்பத்தானே வர்றே?"
அவனே நிற்காத தேர்தலிலும்
அவனிடம்தான் தோற்றேன்.
நான்காவதாக அதைத்தான் கணக்கில் வைத்திருக்கிறேன்.

மணி அடிக்கிறார்கள்.
இதில் எதையும் நான் சொல்லவில்லை.
பண்பாளர் என்றேன். ஈடு செய்ய முடியாத இழப்பு என்றேன்.
மாலைக்குள் அவன் படம்
மை பூசிய மீசையோடு
என்னை நம்பாமல் பார்க்கிறது.

சபையில் மணி அடித்த பிறகும்
ஒரு வாக்கியம் பேசாமல் அவன் உட்கார்ந்ததில்லை.
எனக்கும் ஒன்று இருந்தது:
"குஞ்சப்பனைப் பாலம் இன்னும் வரலைங்க."

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள்.
படத்துக்குக் கீழே உட்கார்ந்திருந்த
இப்போதைய எம்.எல்.ஏ.
பக்கத்தில் இருந்தவரிடம்
பேனா கேட்டார்.